புளியங்கொட்டைக் கடலும் ஒரு பித்தளை மணியும்

விளையாட்டைக் கெடுப்பது எப்படி என்று எனக்கு ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு முதல் பரிசும் கிடைத்தது. குழந்தை வகுப்புக்குப் பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் உங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையை ஒருமுறை பாருங்கள். ‘விளையாட்டு: பத்தேகால் முதல் பத்தரை வரை’ என்று அதில் இருந்தால், நான் சொல்லப் போவது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். மயிலாப்பூரின் கடைசித் தெருக்கள் முடிந்து கடற்கரைக் குப்பம் தொடங்குகிற இடத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி. மேற்கு ஜன்னலில் கோபுரம் தெரியும், கிழக்கு ஜன்னலில் மாதா கோயில் மணி கேட்கும். வக்கீல் குமாஸ்தா வீட்டுக் குழந்தைகள், தையல்காரர் வீட்டு உருதுக் குழந்தைகள், மீன் விற்கும் பெண்களின் குழந்தைகள் என்று எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற வீட்டுக் குழந்தைகள் எப்படியும் ஏதாவது ஒரு வகுப்பில் சேர்ந்துவிடும். குப்பத்துக் குழந்தைகளுக்கு மட்டும் பள்ளிக்கூடத்தின் வாசல் என்பது குழந்தை வகுப்புதான். அங்கே மனசு ஒட்டினால் ஒன்றாம் வகுப்புக்குப் போவார்கள், ஒட்டாவிட்டால் திரும்பக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதை வைத்துத்தான்.

எனக்குப் பரிசு வாங்கித் தந்த வித்தையின் பெயர் ‘விதை அடுக்கல்’. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சதுரப் பலகை, ஒரு கொட்டாங்குச்சி நிறையப் புளியங்கொட்டை. பலகையில் சாக்குக்கட்டியால் நட்சத்திரம் வரைந்திருக்கும். ஆசிரியை கையில் பித்தளை மணி. முதல் மணிக்கு விதையை எடுக்க வேண்டும். இரண்டாம் மணிக்குக் கோட்டின் மேல் வைக்க வேண்டும். மூன்றாம் மணிக்குக் கை கட்ட வேண்டும். இப்படி இருபது நிமிஷம் அடித்தால் முப்பது பலகையிலும் முப்பது நட்சத்திரம் இருக்கும், ஒன்று கூடக் கோணலாக இருக்காது. பார்க்க வருகிறவர்கள் “எவ்வளவு அமைதி!” என்று வியந்துவிட்டுப் போவார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேர் ஒரு அறையில் அமைதியாக இருந்தால் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்கே தெரியாது. இதற்குப் பெயர் விளையாட்டு வழிக் கல்வி என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

லூர்து என்று ஒரு பெண் குழந்தை. அம்மா மீன்கூடை தூக்குகிறவள், அப்பா கட்டுமரத்தில் போகிறவர். சேர்ந்த முதல் வாரத்தில் லூர்து மணிக்குக் கட்டுப்படவில்லை. எல்லாரும் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எல்லா விதைகளையும் பலகையின் ஒரு மூலைக்கு அரை வட்டமாக ஒதுக்கி, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

“கோட்டு மேல வைக்கணும்னு சொன்னேனே?”

“அது வல டீச்சர். உள்ள மீனு கீது. கலைக்காத.”

“புளியங்கொட்டைக்குள்ள ஏது மீன்?” என்று கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். பள்ளி மானேஜர் வராந்தாவில் வருகிற சத்தம் கேட்டது. என் வகுப்பில் ஒரு பலகை மட்டும் அலங்கோலமாகக் கிடந்தால் என்ன ஆவது? புறங்கையால் ஒரே வீச்சில் கலைத்தேன். கொட்டைகள் பாயெல்லாம் தெறித்தன. மணியை அடித்தேன். அவள் கை கட்டினாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. மணி அடித்தால் எடுப்பாள், மணி அடித்தால் வைப்பாள். அவளுடைய நட்சத்திரம் வகுப்பிலேயே நேர்த்தியாக வந்தது. நான் அவளைப் பாராட்டி மற்றவர்களுக்குக் காட்டக் கூடச் செய்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் லூர்துவின் அம்மா வந்தாள். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் வகுப்பைப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நேரே உள்ளே வந்துவிட்டாள்.

“ஊட்ல நாள் பூரா மணல்ல வல வுட்டுக்கினு, காது கிழியக் கத்திக்கினு கெடந்த பொண்ணு. பத்து நாளா ஊட்லயும் பேச்சு இல்ல. இங்க வந்து பாத்தா கைய கட்டிக்கினு பொம்மையாட்டம் குந்திக்கினு கீது. இன்னா டீச்சர் பண்ண அத்த?”

“நான் ஒண்ணும் பண்ணலையேம்மா. நல்லாத்தான் படிக்கிறா.”

“ஒண்ணும் பண்ணாமயா வாய மூடிக்கிச்சு? நீ படிக்க வெக்கிறியோ இன்னா பண்றியோ எனக்குத் தெரியாது. எம் பொண்ண எங்கிட்ட குடுத்துடு. நான் இட்டாந்து வுட்ட பொண்ண.”

சத்தம் போடவில்லை. கெஞ்சவும் இல்லை. ‘நான் கொண்டுவந்து விட்ட பெண்ணைத் திருப்பிக் கொடு’ என்றாள், அவ்வளவுதான். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பயிற்சிப் பள்ளியில் கிடைத்த பரிசை அன்றைக்கு மனசுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மணியை அலமாரி மேல் வைத்தேன். பலகைகளை அடுக்கி ஓரத்தில் போட்டேன். கொட்டாங்குச்சிகளை நடுவில் வைத்து, “இன்னிக்கு மணி கிடையாது. உங்க இஷ்டம்போல விளையாடுங்க” என்றேன். முப்பது குழந்தைகளும் கை கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். “விளையாடுங்க!” என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். விளையாட்டைக் கூட உத்தரவாகத்தான் போட எனக்குத் தெரிந்திருந்தது. தையல்காரர் மகள் கதீஜா மட்டும் தைரியமாக, “டீச்சர், எப்ப மணி அடிப்பீங்க?” என்று கேட்டாள்.

வேறு வழி தெரியாமல் நானே தரையில் உட்கார்ந்தேன். நாலைந்து குச்சிகளை எடுத்து, நூலால் சேர்த்துக் கட்டி, கட்டுமரம் போல ஒன்று செய்தேன். வேண்டுமென்று தப்பாகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டால் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். உண்மையில் எனக்கு அவ்வளவுதான் வந்தது. மாம்பலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்குக் கட்டுமரத்தைப் பற்றி என்ன தெரியும்? கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது.

“அப்டி கட்டினா கவுந்துடும்.”

லூர்துதான். நான் திரும்பவில்லை. மூச்சு கூடப் பலமாக விடவில்லை.

“நடு மரம் தாழ இருக்கணும் டீச்சர். குடு இப்டி.”

கொடுத்தேன்.

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை முழுக்க எழுத இடம் போதாது. கிழக்குச் சுவரிலிருந்து அறையின் பாதிக்கு மேல் கடல் ஆனது. எல்லாக் கொட்டாங்குச்சியையும் கவிழ்த்ததில் அது மீன் நிறைந்த கடலாக ஆனது. கதீஜா வீட்டிலிருந்து துண்டுத் துணி கொண்டுவந்து கட்டுமரத்துக்குப் பாய் கட்டினாள். கோயிலைச் சுற்றிய மாட வீதிக் குழந்தைகள் ஒரு தேர் செய்து இழுத்து வந்தார்கள், அது கடலில் இறங்கலாமா கூடாதா என்று ஒரு முழு நாள் சண்டை நடந்தது. பிடித்த மீனைக் கூறு கட்டுவதில் இன்னொரு சண்டை. இருபத்துமூன்று மீனை நாலு பேருக்குச் சமமாகக் கூறு போட முடியவில்லை என்று அவர்களே கண்டுபிடித்து, மிச்சம் மூன்றையும் கடலுக்கே விட்டார்கள். அந்த வருஷம் முழுக்கக் கூட்டல் சொல்லிக் கொடுத்திருந்தாலும் நான் அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்க மாட்டேன். லூர்து காது கிழியக் கத்தினாள். அவளுடைய அம்மா அடுத்த வாரம் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு மானேஜர் வந்தார். பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர் அவர்தான். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்த மனிதர். நம் தொழிலில் கெட்டவரைவிடப் பயந்தவரைச் சமாளிப்பதுதான் சிரமம்.

“என்னம்மா இது? சந்தைக்கடை நடத்திண்டிருக்கேளா? பத்து நாள்ல ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரார். வருஷா வருஷம் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துட்டுத்தான் சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டுப் போறார். இந்தத் தடவையும் நட்சத்திரம் இருக்கணும்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா குழந்தை வகுப்பே வேண்டாம்னு எழுதிடுவார். மூடிட்டா எனக்கு ஒரு தலைவலி விட்டது. இந்தக் குப்பத்துப் பசங்களை யார் தேடப் போறா? உங்களுக்கும் அப்புறம் இங்க என்ன வேலை?”

அவர் சொன்னதில் எனக்கு வேலை போவது இரண்டாவதாகத்தான் உறைத்தது. ‘யார் தேடப் போறா’ என்றாரே, அது முதலில் உறைத்தது. ஆனால் நான் உடனே வீராவேசமாகப் பதில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். “பார்க்கிறேன் ஸார்” என்றேன். பத்து நாளும் மாற்றி மாற்றி யோசித்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நட்சத்திரம் போட்டால் என்ன குறைந்துவிடும்? வகுப்பு பிழைக்கும், மறுநாள் பழையபடி கடலைத் திறந்துகொள்ளலாம். இந்த யோசனை உங்களுக்கும் வரும். மிகவும் நியாயமாகவே இருக்கும்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலை அலமாரி மேலிருந்து மணியை இறக்கி மேஜையில் வைத்தேன். அடிக்கவில்லை, வைக்க மட்டும்தான் செய்தேன். முப்பது குழந்தைகளும் கை கட்டிக்கொண்டார்கள். கதீஜா துணிப்பாயைச் சுருட்டி மடிக்குள் ஒளித்தாள். லூர்துவின் முகத்தில் அந்தப் பழைய ஒன்பது நாள் முகம் வந்து உட்கார்ந்தது. இரண்டு மாதம் பாடுபட்டுத் திறந்த வாய் ஒரு மணியைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. ஒரே ஒரு நாள் என்ற என் கணக்கு எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது தெரிந்தது. எனக்கு வந்த கோபம் மானேஜர் மேல் இல்லை, இன்ஸ்பெக்டர் மேலும் இல்லை, முழுக்க என் மேல்தான்.

மணியை எடுத்துக்கொண்டு போய் லூர்துவின் முன்னால் வைத்தேன்.

“இது உங்க கடலுக்கு எதுக்காவது ஆகுமா பாரு.”

அவள் மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மணியின் நாக்கைப் பிடித்து மெதுவாக ஒரு தடவை ஆட்டினாள். “மாதா கோயிலுக்கு ஆவும்” என்றாள். “மரம் கரைக்கு வரச்சொல்ல அடிக்கணும்.” பெஞ்சின் மேல் மாதா கோயில் எழும்பியது. கதீஜாவின் மடியிலிருந்து பாய் வெளியே வந்தது.

இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வந்தார். கோட்டு, தலைப்பாகை, பளபளக்கும் ஷூ. மானேஜர் பின்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றார். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து அறையின் நடுவில் போய் நின்றார். அங்கேதான் ஆழம் அதிகம். லூர்து மணியைப் பிடித்து அடி அடி என்று அடித்தாள்.

“ஐயா! கடலு மேல நின்னுக்கினு கீற. வல அறுந்துடும். கரைக்கு வா.”

மானேஜர் என்னிடம், “அந்தப் பொண்ணை இழும்மா அந்தண்டை!” என்று பல்லைக் கடித்தார். அவளை இழுத்து உட்கார வைக்க எனக்கு இரண்டு நொடிதான் ஆகியிருக்கும். இழுக்கவில்லை.

“அவ சொல்றது சரி ஸார். ரெண்டடி தள்ளி நில்லுங்க. அங்கே தரை” என்றேன்.

இன்ஸ்பெக்டர் நகரவில்லை. லூர்து கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு பின்னால் வருகிறவர்களிடம், “பாற கீது, சுத்திக்கினு வாங்க” என்றாள். கட்டுமரங்கள் அவருடைய ஷூவைச் சுற்றிக்கொண்டு போயின.

“விதை அடுக்கல் எங்கே?” என்றார் அவர்.

“இப்போ அதெல்லாம் மீன் ஸார்.”

“நட்சத்திரம் போடச் சொல்லுங்கள்.”

“மணி அடிச்சா போடுவாங்க ஸார். ரொம்ப அழகாப் போடுவாங்க. நான் அடிக்கப் போறதில்லை.”

சொன்னதற்கு எனக்கு வருத்தம் இல்லை. அவர் குனிந்து லூர்துவிடம், “எத்தனை மீன் பிடித்தாய்?” என்று கேட்டார். “எண்ணிக்கினு கீறேன், குறுக்க பேசாத” என்றாள் அவள். அவர் நிமிர்ந்து வெளியே போய்விட்டார்.

ஆய்வுப் பதிவேட்டில் அவர் மூன்று வாக்கியம் எழுதியிருந்தார். ‘குழந்தை வகுப்பில் விதை அடுக்கல் நடைபெறவில்லை. குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். ஆசிரியை அதைத் தடுக்கவில்லை.’ ஆசிரியையிடம் எழுத்து மூலம் விளக்கம் பெற்று, அதன் பிறகு வகுப்பை நடத்துவதா மூடுவதா என்று மானேஜரே முடிவு செய்யலாம் என்றும் கீழே குறிப்பு.

மானேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அதுக்குக் கீழே ‘தவறு நேர்ந்துவிட்டது, இனி நேராது’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்கோ. அவருக்கும் திருப்தி, எனக்கும் நிம்மதி. இல்லேன்னா நீங்க அஞ்சாம் வகுப்புக்குப் போங்கோ. மணி அடிக்கத் தெரிஞ்ச வேற டீச்சரை வெச்சு இந்த வகுப்பை ஒரு மாசம் நடத்திப் பார்க்கறேன். அதுக்கும் சரிப்படலேன்னா மூடிடறேன். நாளைக்குச் சொல்லுங்கோ.”

அன்று சாயங்காலம் அந்த மூன்று வாக்கியத்தையும் என் கணவரிடம் ஒப்பித்தேன். அவர் ஒரு அச்சுக்கூடத்தில் புரூப் திருத்துகிறவர். இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மூணுலயும் பிழை ஒண்ணும் இல்லையே. எதைத் திருத்தச் சொல்றார் உன்னை?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பதிவேட்டை வாங்கி, மூன்று வாக்கியத்துக்கும் கீழே ‘உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று. புதிதாக வந்தவள் நல்ல பெண், என்னைப் போலவே பரிசு வாங்கியவள். இந்த ஒரு மாசத்துக்குள் குப்பத்துக் குழந்தைகள் நின்றுவிடுவார்கள், அப்புறம் யாரும் தேடப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தட்டி அசைந்தது. லூர்து கையில் கொட்டாங்குச்சியோடு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து கொட்டைகளைக் கவிழ்த்தாள். நான் அரையையும் காலையும் கூட்டிக்கொண்டே இருந்தேன். தட்டிக்கு மேலே புதிய ஆசிரியையின் முகம் தெரிந்தது. அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அங்கேயே இருக்கட்டும் அக்கா” என்று உதட்டை அசைத்துச் சொன்னாள். மறுநாள் கதீஜா வந்தாள், துணிப்பாயோடு. வாரக் கடைசியில் என் ஐந்தாம் வகுப்பின் பெஞ்சுகளுக்கு அடியில் பதினோரு குழந்தைகள் இருந்தார்கள். மேலே பின்னம், கீழே கடல்.

மானேஜர் வந்தார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“இது யாரு?”

“லூர்து.”

“எந்த வகுப்பு?”

“குழந்தை வகுப்பு.”

“இங்க என்ன பண்றா?”

“விளையாடறா. நான் தடுக்கலை.”

அவருக்கு அந்த வாக்கியம் எங்கே படித்தது என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நானும் ஐந்தாம் வகுப்பும் காத்திருந்தோம். வேலை போகும் என்றே முடிவு செய்துவிட்டேன். அதற்குள் கீழே இருந்து லூர்துவின் குரல் வந்தது.

“தாத்தா, தண்ணில நின்னுக்கினு கீற.”

மானேஜர் குனிந்து பார்த்தார். அவருடைய காலைச் சுற்றிப் புளியங்கொட்டைகள் கிடந்தன. பிறகு, தன்னை அறியாமல்தான் செய்திருக்க வேண்டும், வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மீனையும் மிதிக்காமல், மெதுவாகக் கரையேறிப் போனார்.

திங்கட்கிழமை குழந்தை வகுப்பு என்னிடம் திரும்பி வந்தது. புதியவளை ஐந்தாம் வகுப்புக்கு மானேஜரே மாற்றியிருந்தார். மணி லூர்துவிடம் போனது.